மேற்குச் சுவர் யாருக்கு?

நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம். அந்த வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பெயரும் தெருவும் வாசகர்களுக்கு அவசியமில்லை.

ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது, பன்னிரண்டு ஆண்டுகள் அரபு நாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சபுராளி ஒருவர் நம்மை நிறுத்தினார்.

"ஹஜ்ரத், வீட்டுக்கு ஒரு பெரிய டி.வி. வாங்கலாம்னு இருக்கேன். உம்மாவுக்காகத்தான். ஹரம் ஷரீஃபை நேரடியாப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசைப்படுறாங்க. மார்க்கத்துல தடை ஏதும் இருக்கா?"

"நல்லதைப் பார்க்க வாங்கினால் தடையில்லை காக்கா, கெட்டதைப் பார்த்தால் பார்த்தவர் மீது குற்றம்" என்றோம். அவர் மகிழ்ச்சியோடு ஸலாம் சொல்லிப் போனார். நாமும் ஒரு மஸ்அலாவுக்குப் பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு வீடு வந்து சேர்ந்தோம்.

அந்தப் பதில் தவறானதன்று. ஆனால் போதுமானதும் அன்று என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் அறிந்தோம்.

அவருடைய தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்று கேள்விப்பட்டு, நலம் விசாரிக்க ஓர் அஸர் நேரத்தில் போயிருந்தோம். ஹாலில் மேற்குச் சுவர் முழுவதையும் அறுபத்தைந்து அங்குலத் திரை ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஹாலில் இல்லை. அடுப்படியை ஒட்டிய நடையில், அரிசிப் பானைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் அமர்ந்து தொழுதுகொண்டிருந்தார்கள். எதிர்ச்சுவர் முகத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை. முட்டுவலியால் தரையில் உட்கார முடியாதவர்கள். முப்பது ஆண்டுகளாக அவர்கள் தொழுத இடம் ஹாலின் மேற்குப் பக்கம் என்பது அந்த வீட்டுக்குப் போய் வரும் எல்லோருக்கும் தெரியும்.

ஸலாம் கொடுத்து முடிந்ததும் காரணம் கேட்டோம். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்கள்: "ஹாலிலே அந்தக் கண்ணாடி இருக்குதே வாப்பா. அணைச்சுப் போட்டா கன்னங்கரேல்னு இருக்கு. தக்பீர் கட்டினா நானே எனக்கு முன்னால நிக்கிறேன். நான் குனிஞ்சா அதுவும் குனியுது. என்னையே நான் தொழுவுற மாதிரி மனசு திடுக்குங்குது."

"மகனிடம் சொல்லவில்லையா?"

"எனக்காக ஆசையா வாங்கிட்டு வந்த புள்ளை. சொன்னா மனசு நோவும். நீங்களும் சொல்லிராதீங்க வாப்பா."

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான் நம் நெஞ்சைக் குடைந்தது. அந்தத் திரையில் ஹராமான காட்சி எதுவும் ஓடவில்லை. வாங்கியவரின் நிய்யத்தும் நல்லதே. அப்படியிருக்க ஒரு மூதாட்டி தம் தொழுகை இடத்தை இழந்தது எப்படி? "கூடுமா, கூடாதா" என்ற கேள்விக்கு "கூடும்" என்று பதில் வந்துவிட்டால், மூமினுடைய பொறுப்பு அத்தோடு முடிந்துவிடுகிறதா?

பழைய கேள்வியும் புதிய கேள்வியும்

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ல் டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15ல் வந்தது. 1982ல் வண்ண ஒளிபரப்பு வந்தது. அந்நாள்களில் நம் ஆலிம்கள் இதுபற்றி நிறையப் பேசினார்கள், எழுதினார்கள். திரையில் தெரிவது ஷரீஅத் தடுத்த உருவப்படமா, அல்லது கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பைப் போன்றதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. இரு தரப்பாரும் மார்க்கப் பேணுதலோடு பேசியவர்களே. அந்த வாதத்தை இங்கே மீண்டும் திறப்பது நம் நோக்கமன்று.

வாதம் முடிவதற்குள் பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதே உண்மை. 2006ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியபின், பதினான்கு அங்குலப் பெட்டி குடிசை வீடுகளிலும் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பெட்டிக்கு ஒரு மூலை போதும். மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டால் அது இருப்பதே தெரியாது. பார்க்க விரும்புகிறவர் அதன் அருகே போக வேண்டும். விரும்பாதவர் அடுத்த பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

இன்றைய திரை அப்படியன்று. அது மூலையில் ஒதுங்காது, சுவரைக் கேட்கும். வீட்டின் நடுக்கூடத்தில் எந்தச் சுவர் பெரியதோ அதையே கேட்கும். சாய்விருக்கைகள் அதை நோக்கித் திரும்பும்; விருந்தாளியும் அதை நோக்கி அமர்வார். ஓடாதபோதும் அது அங்கே இருக்கிறது. ஆகவே நம் முன்னோர் கேட்ட "அதில் என்ன தெரிகிறது?" என்ற கேள்வியோடு இன்று இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்: "அது எதன் இடத்தில் நிற்கிறது?"

அளவும் இஸ்ராஃபும்

பெரிய திரை வாங்குவதே இஸ்ராஃப், வீண் விரயம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடுவோர் நம்மில் உண்டு. அது நியாயமன்று. அல்லாஹ் தன் அடியானுக்கு வழங்கிய நிஃமத்தின் அடையாளம் அவனிடம் காணப்படுவதை விரும்புகிறான் என்ற கருத்தில் திர்மிதீ நூலில் ஹதீஸ் வந்துள்ளது. பத்துப் பேர் உள்ள குடும்பத்துக்கும் இருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கும் தேவை ஒன்றாகாது. கண் மங்கிய முதியவருக்குப் பெரிய எழுத்து தேவை என்பதுபோல், பெரிய திரையும் தேவையாகலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாத்திபி (ரஹ்) போன்ற மேதைகள் மனிதத் தேவைகளை மூன்று படிகளாக வகுத்தார்கள். இல்லாவிட்டால் வாழ்வே நிலைகுலையும் என்பது ளரூரிய்யாத். இல்லாவிட்டால் சிரமம் என்பது ஹாஜிய்யாத். இருந்தால் அழகு என்பது தஹ்ஸீனிய்யாத். தொலைக்காட்சி பெரும்பாலோருக்கு மூன்றாம் படியைச் சேர்ந்தது. மூன்றாம் படியில் இருப்பது குற்றமில்லை. ஆனால் மூன்றாம் படியில் உள்ள பொருள், முதலிரண்டு படிகளில் உள்ள ஒன்றைத் தள்ளிவிட்டு அங்கே போய் உட்காரக் கூடாது. மகளின் படிப்புச் செலவு, வீட்டு முதியவரின் மருந்து, அடைக்க வேண்டிய கடன் இவை நிற்கும்போது அழகுப் பொருள் முந்திக்கொண்டால் அங்கேதான் இஸ்ராஃப் தொடங்குகிறது.

சரி, அளவை எப்படி நிர்ணயிப்பது? இதில் சிறிது உலக அறிவும் தேவை. திரையின் அங்குலக் கணக்கு என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே அளப்பது. முப்பத்திரண்டு அங்குலத்துக்கும் அறுபத்தைந்து அங்குலத்துக்கும் வேறுபாடு ஏறத்தாழ இருமடங்கு என்று நினைக்கிறோம். பரப்பைக் கணக்கிட்டால் நான்கு மடங்குக்கும் சற்று அதிகம். ஐம்பத்தைந்து அங்குலத் திரை நான்கடி அகலம் இருக்கும். அறுபத்தைந்து அங்குலம் நாலே முக்கால் அடி. அங்குலக் கணக்கைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரத்தில் அமர்ந்து பார்ப்பது கண்ணுக்கு இதமானது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி நாற்பத்து மூன்று அங்குலத்துக்கு ஐந்தரை அடி, ஐம்பத்தைந்துக்கு ஏழடி, அறுபத்தைந்துக்கு எட்டடி வேண்டும். பத்தடி அகல ஹாலில் இருக்கையின் இடம் போக மிச்சம் எவ்வளவு என்று வீட்டிலேயே நூல் பிடித்து அளந்துகொண்டு கடைக்குப் போகிறவர் எத்தனை பேர்?

கடையில் அளவு மயங்கும். உயரமான கூரையும் நீண்ட மண்டபமும் உள்ள இடத்தில் எழுபத்தைந்து அங்குலமும் சிறியதாகவே தெரியும். பளிச்சென்ற விளக்குகளுக்கு ஈடுகொடுக்க, காட்சிக்கு வைத்த திரைகளில் ஒளியையும் வண்ணத்தையும் கூட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் இன்னும் பெரியது ஒன்று மாட்டியிருக்கும். அதைப் பார்த்த கண் திரும்பி வந்து முதலில் விரும்பியதைப் பார்க்கும்போது அது ஏழையாகிவிடுகிறது. பொருளில் உங்களைவிட மேலே உள்ளவரைப் பாராமல் கீழே உள்ளவரைப் பாருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததன் பயனை அந்தக் கடையில் நின்று பார்த்தால் நன்றாகவே விளங்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் முப்பத்திரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. விலை குறைந்தால் மிச்சமாகும் பணம் பைக்குத் திரும்ப வேண்டும். நம்மில் பலரோ அந்த மிச்சத்துக்கு இன்னும் பத்து அங்குலம் கூட்டி வாங்கினோம். விலை குறைந்ததும் தேவை வளர்ந்துவிட்டதா?

வாங்குகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு. "இதை யாருமே வந்து பார்க்கமாட்டார்கள் என்றால், எந்த அளவை வாங்குவேன்?" அந்தப் பதில்தான் தேவையின் அளவு. அதற்குமேல் உள்ள அங்குலங்கள் மச்சானுக்காகவும் சம்பந்தி வீட்டாருக்காகவும் வாங்கப்படுபவை. அவற்றுக்கு விலை கொடுப்பவர் நாம். பார்த்து மகிழ்வது நம் நஃப்ஸு.

வட்டியில்லாத் தவணை என்பது என்ன?

அந்தச் சபுராளியிடம் பிறகொரு நாள் பேசும்போது, "தவணையில்தான் எடுத்தேன் ஹஜ்ரத், வட்டியே இல்லைன்னு கடைக்காரங்க சொன்னாங்க" என்றார். ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் இதே நம்பிக்கையில் கையெழுத்திடுகின்றன. ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது.

அறுபதாயிரம் ரூபாய்ப் பொருள் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வங்கியோ நிதி நிறுவனமோ கடைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை நம்மிடம் மாதாமாதம் வசூலிக்கிறது. அந்தக் கடனுக்கு வட்டி உண்டு. அந்த வட்டி நாலாயிரம் ரூபாய் என்றால், கடைக்காரர் பொருளின் விலையில் நாலாயிரத்தைத் தள்ளுபடி செய்து, ஐம்பத்தாறாயிரத்துக்குக் கடன் எழுதுகிறார். நாம் அசலும் வட்டியுமாக அறுபதாயிரம் கட்டுகிறோம். கூட்டிப் பார்த்தால் விலைக்கு மேல் கொடுக்காததுபோல் தெரிகிறது. ஆனால் கடன் பத்திரத்தில் வட்டி விகிதம் எழுத்திலேயே இருக்கிறது. கிரெடிட் கார்டு வழியான தவணை என்றால், அந்த நாலாயிரம் வட்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது எழுநூற்றிருபது ரூபாய், தனியாக வந்து சேர்கிறது. சேவைக் கட்டணமும் சேர்வதுண்டு. ஒரு தவணை தவறினால் அபராதம் வேறு. பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை மூலம் எடுத்துக் கூறியது.

வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாக ஈடுசெய்தாலும், கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் வட்டி ஒப்பந்தமே. வட்டியை வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும், எழுதுபவரும், சாட்சியாக நிற்பவரும் அந்தப் பாவத்தில் பங்காளிகள் என்பதை நம் சிறுவர்களும் மத்ரஸாவில் ஓதியிருக்கிறார்கள். கஃபாவைப் பார்க்க வாங்கிய பொருளுக்கு வட்டிப் பத்திரத்தில் கையெழுத்திட்டோம் என்றால் அது எவ்வளவு வேதனையான விஷயம்!

தவணை வியாபாரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கடைக்காரரே தம் பொருளைத் தவணைக்கு விற்று, ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருப்பினும் ஒரே விலையைப் பேசி முடித்து, தாமதத்துக்காக அந்த விலை ஏறாது என்று உறுதி செய்தால், அத்தகைய வியாபாரத்தைப் பெரும்பாலான ஃபிக்ஹு மேதைகள் அனுமதித்துள்ளார்கள். அது விற்பனை, முன்னது கடன். வித்தியாசம் பெயரில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரண்டும் அமையாதவர் சில மாதம் சேர்த்து ரொக்கத்துக்கு வாங்கலாம். அந்தச் சில மாதத்தில் ஆசை அடங்கிவிட்டால், அது தேவையாக இருந்ததில்லை என்பதும் தெரிந்துவிடும்.

பகுதி முபாஹ், மொத்தம்?

இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்கள் தம்முடைய அல்முவாஃபகாத் நூலில் ஒரு நுட்பமான கருத்தை விளக்குகிறார்கள். ஒரு செயல் தனித்தனியே பார்த்தால் முபாஹாக, அனுமதிக்கப்பட்டதாக இருக்கலாம். அதையே தொடர்ந்து வழக்கமாக்கிக்கொண்டால் மொத்தத்தில் அது விடப்பட வேண்டியதாக மாறலாம். ஒரு நாள் தோட்டத்தில் உலாவி வருவதை யாரும் குறை கூறமாட்டார்கள். எந்நேரமும் அதிலேயே கிடப்பவனை யாரும் மெச்சமாட்டார்கள்.

பெரிய திரையின் சோதனை இங்கேதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒரு நல்ல நிகழ்ச்சியைப் பார்த்தோம், அது முபாஹ். முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானே ஓடத் தொடங்குகிறது. நிறுத்துவதற்குத்தான் நம் முயற்சி தேவைப்படுகிறது, தொடர்வதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனியே எடுத்துப் பார்த்தால் குற்றம் எதுவுமில்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே குர்ஆன் ஓதும் சத்தம் அந்த வீட்டிலிருந்து நின்று போயிருக்கும். எந்த நாளில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆரோக்கியம், ஓய்வு என்ற இரு நிஃமத்துகளில் மக்களில் அதிகமானோர் நஷ்டமடைகிறார்கள் என்ற கருத்தில் புகாரீயில் வரும் ஹதீஸை இத்தோடு சேர்த்துச் சிந்திக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இக்காலத் திரைகள் நாம் பார்ப்பவற்றைக் காட்டுவதோடு நிற்பதில்லை. நாம் எதைப் பார்க்கிறோம் என்று கவனிக்கவும் செய்கின்றன. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிக் கம்பெனி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழியாக, வீட்டாரின் சம்மதமின்றி அவர்கள் பார்ப்பதைப் பதிவு செய்தது என்ற வழக்கில் 2017ல் 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வாசலில் நின்று மூன்று முறை அனுமதி கேள், பதில் இல்லையேல் திரும்பிப் போ என்று கற்றுத்தரும் மார்க்கம் நம்முடையது. வாசலுக்குத் திரை போடுகிறோம். சுவரில் உள்ள திரையை முதன்முதலாக இயக்கும்போது வரும் சம்மதக் கேள்விகளைப் படிக்காமலேயே "சரி" என்று அழுத்திவிடுகிறோம். அவற்றைப் படித்து, வேண்டாதவற்றை மறுப்பது வீட்டுத் தலைவரின் அமானிதம்.

கோடு போட்ட போர்வை

இப்போது அந்த மூதாட்டியிடம் வருவோம்.

நபி (ஸல்) அவர்களுக்கு அபூஜஹ்ம் (ரலி) என்ற தோழர் ஓவிய வேலைப்பாடுள்ள போர்வை ஒன்றை அன்பளிப்பாகத் தந்திருந்தார்கள். அதை அணிந்து தொழுதபோது அதன் வேலைப்பாட்டின் மீது ஒரு பார்வை சென்றது. தொழுது முடித்ததும், அது தம் கவனத்தைத் திருப்பியதாகக் கூறி, அதை அபூஜஹ்மிடமே கொடுத்துவிட்டு, அவரிடம் உள்ள வேலைப்பாடில்லாத சாதாரணப் போர்வையை வாங்கிவரச் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. அன்னையவர்கள் வீட்டின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டிருந்த வண்ணத் திரைச்சீலையையும், அதன் உருவங்கள் தொழுகையில் தம் எதிரே வந்துகொண்டிருப்பதாகக் கூறி அகற்றச் சொன்ன செய்தி அனஸ் (ரலி) வாயிலாகப் புகாரீயில் உள்ளது.

உலகத்திலேயே உறுதியான உள்ளம் படைத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஒரு துணியின் கோலம் தம் கவனத்தைத் தொட்டதென்று அவர்கள் வெளிப்படையாகக் கூறினார்கள். "என் மனம் கட்டுப்பாடானது, எதிரில் எது இருந்தாலும் எனக்கு ஒன்றும் செய்யாது" என்று நாம் சொல்ல முடியுமா? தொழுகையில் மனதைத் திருப்பும் பொருளுக்கு எதிரே தொழுவதை மக்ரூஹ் என்று ஃபகீஹ்கள் கூறியது இதனால்தான். தொழுகை நிறைவேறிவிடும், அதன் உயிர் குறைந்துவிடும்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. போர்வையைத் திருப்பி அனுப்பியதோடு நபி (ஸல்) அவர்கள் நிறுத்தவில்லை. பதிலுக்கு அவரிடமிருந்தே வேறொன்றைக் கேட்டு வாங்கினார்கள். அன்பளிப்பைத் தட்டிவிட்டார்கள் என்று அபூஜஹ்மின் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அன்பளிப்பு வேறு, கொடுத்தவரின் அன்பு வேறு. ஒன்றை விலக்கி மற்றொன்றைக் காப்பாற்ற முடியும்.

மூதாட்டிக்குக் கொடுத்த வாக்குப்படி மகனிடம் நாம் எதுவும் கூறவில்லை. அந்த வார ஜும்ஆ பயானில் இந்த ஹதீஸை மட்டும் விளக்கினோம். யாருடைய வீட்டையும் குறிப்பிடவில்லை. அவர் முன் ஸஃப்பில் இருந்தார். அன்று மாலை அவர் ஹாலில் உம்மா முன்பு தொழுத இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அணைந்திருந்த திரையைப் பார்த்து உட்கார்ந்தாராம். பிறகு உள்ளே போய், "உம்மா, நீங்க ஏன் நடையிலே தொழுறீங்க?" என்று கேட்டாராம். மூன்று மாதமாகத் தினமும் கண்ணில் பட்டது, அன்றுதான் கருத்தில் பட்டது.

வடக்குச் சுவரில் இரண்டு அறைகளின் கதவுகள். தெற்கில் மாடிப்படி. மிச்சம் கிழக்குச் சுவர். அங்கே ஒரு ஜன்னல். ஜன்னலின் பாதியை மூடி அதன் மீது திரையை மாற்றினார். காலை வெளிச்சம் அந்த வீட்டுக்குச் சற்றுக் குறைந்தது உண்மைதான். மேற்குச் சுவரில் நான்கு ஆணித் துளைகளோடு வெறும் சுண்ணாம்பு தெரிகிறது. அதற்கு எதிரே அந்த அம்மாவின் நாற்காலி திரும்பி வந்துவிட்டது. அஸர் தொழுதுவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சிறிது நேரம் ஹரம் ஷரீஃபின் தவாஃபைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். மீதித் தவணைகளையும் மகன் ஒரே தடவையில் அடைத்துவிட்டார்.

இதற்கிடையில் பேரப்பிள்ளை ஒருவன், "மேற்குச் சுவரிலேயே கஃபா தெரிஞ்சுதே ஹஜ்ரத், அதைப் பார்த்தே தொழுதிருக்கலாமே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நம் கிப்லா கஃபா இருக்கும் திசை, கஃபாவின் படமன்று. திரையில் தெரியும் இமாமைப் பின்பற்றித் தொழுவதும் கூடாது என்பதே இக்கால உலமாக்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்த 2020ஆம் ஆண்டிலும் இதே கேள்வி பரவலாக எழுந்து, இதே பதில் கூறப்பட்டது.

நம்மிடமே ஒரு கேள்வி

இவ்வளவும் எழுதிய நம் வீட்டுச் சுவரில் பெரிய திரை இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லத்தான் நினைத்தோம். ஆனால் அன்று அந்த மூதாட்டி தம் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நம் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. கை தானாக அதை எடுத்தது. கண் ஒரு நொடி அதில் விழுந்தது. அந்த அம்மா பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். சுவரில் தொங்கும் திரையைப் பற்றி ஃபத்வா கேட்பவருக்குப் பதில் சொல்லும் நாம், பையில் உள்ள திரையைப் பற்றி யாரிடம் கேட்பது? பெரிய திரையாவது ஓரிடத்தில் நிற்கிறது. சிறியது தொழுகைப் பாய் வரைக்கும் கூடவே வருகிறது. ஆகவே இக்கட்டுரை மற்றவர்களுக்கு மட்டுமன்று.

வாங்க நினைப்பவர்கள் சில விஷயங்களை மனதில் கொள்வது நல்லது. வீட்டில் தொழும் இடம் எது என்பதை முதலில் தீர்மானித்து, அதற்குப் பிறகே திரைக்குச் சுவர் பாருங்கள். வீட்டை நூல் பிடித்து அளந்து, அளவைச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் அதை மாற்றாதீர்கள். வட்டி எழுதிய பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். பாங்கு கேட்டதும் அணைப்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். அதை முதலில் வாப்பாவே செய்து காட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன், வீட்டில் அதிகம் பேசாதவர் யாரோ அவரிடம் போய், "இதனால் உங்களுக்கு ஏதும் சிரமம் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வீடுகளில் உரிமை இழப்பவர்கள் பெரும்பாலும் வாய் திறந்து சொல்வதில்லை. அன்பின் காரணமாகவே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

இனி யாராவது பள்ளிவாசல் படியில் நம்மை நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டால், "கூடும்" என்று சொல்லிவிட்டு நாம் நகரமாட்டோம். "எந்தச் சுவரில் காக்கா?" என்றும் கேட்போம்.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய இவை ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரிக்கப்படும் என்று திருமறை எச்சரித்துள்ளது. அந்த விசாரணையில் வெட்கப்படாத கண்களையும், பிறர் உரிமையை உணரும் உள்ளங்களையும், தொழுகைக்கு இடமுள்ள வீடுகளையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.